சனிக்கிழமைப் புயல்: ரொறன்ரோவுக்குப் பனியா, உறைமழையா?

ஸ்காபரோவாசி | புதன், மாலை 7:10

சனிக்கிழமையைப் பற்றி ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு கதை சொல்கிறது. ஒன்று 28 செ.மீ. பனி என்கிறது, மற்றொன்று 9 செ.மீ. என்கிறது. அரசு வானிலை அறிவிப்பிலோ எண்ணே இல்லை. கணிசமான பனி விழும், பிறகு பனிக்குருணையாகவோ உறைமழையாகவோ மாறலாம் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். என் மனைவி மருத்துவமனையில் இரவுப் பணி செய்கிறார். சனி மாலை போய் ஞாயிறு காலை திரும்ப வேண்டும். வெறும் பனி என்றால் வழித்துத் தள்ளிவிட்டுப் புறப்படலாம். உறைமழை என்றால் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். இன்னும் மூன்று நாள்கள்தான் இருக்கின்றன. இவ்வளவு நெருங்கியும் ஏன் திட்டமாகச் சொல்ல முடியவில்லை? குறை கூறுவதற்காகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.


மழைமானி | புதன், இரவு 8:25

நல்ல கேள்வி, தம்பி. இதற்கான விடையைத் தரையில் தேடக் கூடாது. ஒன்றரை முதல் இரண்டரை கிலோமீற்றர் உயரத்தில் அது இருக்கிறது.

குளிர்காலத்தில் இங்கே விழுவதில் பெரும்பகுதி மேகத்துக்குள் பனித்துகளாகவே பிறக்கிறது. வரும் வழி முழுவதும் பூச்சியப் பாகைக்குக் கீழே இருந்தால் பனியாகவே தரை சேரும். தெற்கிலிருந்து வரும் சூடான காற்று, கனமான குளிர்காற்றைத் தள்ள முடியாமல் அதன் மேலே ஏறிப் படர்ந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அந்தச் சூடான அடுக்கு 1 பாகை அளவுக்கே இருந்தால் துகள் அரைகுறையாக உருகும். நடுவில் பனிக்கரு மிஞ்சியிருப்பதால் கீழேயுள்ள குளிரில் மறுபடி எளிதாக உறைந்து, தரையில் பட்டுத் துள்ளும் குருணையாகிவிடும். 3 பாகையைத் தாண்டினால் கரு உட்பட எல்லாம் உருகிவிடும். கரு இல்லாத துளி குளிர்காற்றினூடாக வந்தாலும் சட்டென்று உறைவதில்லை. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே வந்து, கிளை, மின்கம்பி, வாசற்படி என்று எதில் பட்டாலும் அங்கேயே கண்ணாடிபோல் உறையும். அதுதான் உறைமழை.

ஆகவே இரண்டு மூன்று பாகை வேறுபாட்டுக்குள் பனி, குருணை, உறைமழை மூன்றும் அடங்கிவிடுகின்றன. மூன்று நாள்களுக்கு முன்பே, இரண்டு கிலோமீற்றர் உயரத்தில், அந்த வேறுபாட்டை எப்போதும் உறுதியாகச் சொல்லும் கணினி வானிலை மாதிரி உலகில் எங்கும் இல்லை. அரசு அறிவிப்பில் எண் இல்லாதது என் பார்வையில் நேர்மைதான்.

செயலி காட்டும் 28 செ.மீ.யை மறந்துவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பனி வரைபடங்களில் பல, விழும் நீரைப் பத்தால் பெருக்கி, 1 மி.மீ. நீருக்கு 1 செ.மீ. பனி என்று கணக்குப் போடுகின்றன. குருணையாக விழுவதையும் பனிக் கணக்கிலேயே சேர்த்துவிடும் வரைபடங்கள் உண்டு, சிலவற்றில் உறைமழையும் சேர்ந்துவிடும். கலப்படமாக வரும் புயலில் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.


நெடுஞ்சாலை401 | புதன், இரவு 9:02

நான் வின்சரிலிருந்து மொன்றியலுக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவன். பனி எவ்வளவு என்பது எங்களுக்கு இரண்டாவது கேள்விதான். 20 செ.மீ. பனியில் மெதுவாகவாவது ஓடலாம். 2 மி.மீ. உறைமழையில் நாற்பது தொன் வாகனம் நம் சொல் கேட்காது. கிங்ஸ்டனுக்கும் கோர்ன்வாலுக்கும் இடையில் என்ன நிலைமை என்று யாராவது சொல்ல முடியுமா? சனி பகல் ரொறன்ரோவிலிருந்து புறப்பட வேண்டும் என்கிறார்கள்.


மொன்றியல்காரி | புதன், இரவு 10:15

401 தம்பி, அந்தப் பகுதியில் காற்று வடகிழக்கிலிருந்து வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சென் லோரன்ஸ் பள்ளத்தாக்கு வடகிழக்கு நோக்கிக் கிடக்கிறது. புயல் நெருங்கும்போது குளிர்காற்று அந்த வழியாகத் தென்மேற்கே இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு சூடு வந்தாலும், கிணற்றடி நீர்போலத் தரையோடு தேங்கிக் கிடக்கும் அந்தக் குளிர் இலேசில் கிளம்பாது. மொன்றியலில் ரொறன்ரோவைவிட அடிக்கடி உறைமழை பெய்வதற்கு இந்தப் பள்ளத்தாக்கே முக்கியக் காரணம்.

1998 ஜனவரியை இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை. ஒரே புயல் என்று பேசுகிறோம், உண்மையில் 5 ஆம் தேதி முதல் 10 ஆம் தேதி வரை அலை அலையாக வந்தது. மொன்றியலில் 100 மி.மீ., கோர்ன்வாலில் 108 மி.மீ., ஒட்டாவாவில் 85 மி.மீ. அளவுக்கு உறைமழையும் குருணையும் விழுந்தன. 1961 இல் மொன்றியலைத் தாக்கிய பெரிய பனிக்கட்டிப் புயலில்கூட 30 முதல் 40 மி.மீ.தான். உயர் அழுத்தக் கம்பிகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்கள் ஆயிரத்துக்கும் மேல் மடிந்து விழுந்தன. சென் இயசென்த், கிரன்பி, சென் ஜோன் பகுதிகளில் பல வாரங்கள் மின்சாரம் இல்லை. அந்த முக்கோணத்துக்குக் கறுப்பு முக்கோணம் என்றே பெயர் வந்துவிட்டது. நகரில் சாலையை மூடியது பனி இல்லை, முறிந்த மரங்கள்.

மேலே சூடு வந்துகொண்டே இருந்ததும், கீழே குளிர் நகராமல் கிடந்ததும் ஒரே சமயத்தில் நாள்கணக்கில் நீடித்ததுதான் அந்தப் பேரழிவு. இரண்டில் ஒன்று தளர்ந்திருந்தாலும் அது வெறும் மழையாகவோ வெறும் பனியாகவோ முடிந்திருக்கும்.


தென்காசி_அட்லான்டா | வியாழன், காலை 6:50

நான் இருப்பது ஜார்ஜியாவில். எங்களுக்கு வருவது கொஞ்சம்தான், ஆனால் வரும்போது இதே கதைதான். அப்பலாச்சியன் மலைக்குக் கிழக்கே குளிர்காற்று ஆப்புபோல் செருகிக்கொள்ளும். மலை தடுப்பதால் மேற்கே நகர வழியில்லாமல் அடிவாரத்தை ஒட்டித் தெற்கே இறங்கும். அதன் மேல் மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரம் ஏறினால் உறைமழை.

ஆனால் மழைமானி சாரிடம் ஒரு கேள்வி. 2014 ஜனவரி 28 அன்று இங்கே விழுந்தது வெறும் 2.6 அங்குலப் பனி, அதாவது 6.6 செ.மீ. உங்கள் ஊரில் அதை யாரும் செய்தியாகக்கூடச் சொல்ல மாட்டார்கள். இங்கே பிள்ளைகள் பள்ளியிலேயே இரவு தங்கினார்கள், ஆயிரக்கணக்கான கார்கள் நெடுஞ்சாலையில் விடியும்வரை நின்றன. புயல் எச்சரிக்கையோ அதிகாலை நான்கு மணிக்கு முன்பே வந்துவிட்டது. முன்னறிவிப்பு சரியாக இருந்தும் ஊர் சிக்கிக்கொண்டது. அப்படியானால் குருணையா உறைமழையா என்று இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில் பயன் இருக்கிறதா? வருகிறது, வீட்டிலிருங்கள் என்று சொன்னால் போதாதா?


மழைமானி | வியாழன், காலை 8:05

போதாது, தென்காசி. உங்கள் ஊருக்கு அது பொருந்தலாம், இங்கே பொருந்தாது. இங்கே ஒவ்வொரு பனிக்கும் வீட்டிலிருங்கள் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை யாரும் வேலைக்குப் போக முடியாது. பனிக்கு நாங்கள் பழகிவிட்டோம், பனிக்கட்டிக்கு எந்த ஊரும் பழகவில்லை. 2013 டிசம்பர் 21, 22 இல் ரொறன்ரோவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அணைந்தன. கிறிஸ்துமஸ் கடந்தும் இருட்டில் இருந்த வீடுகள் உண்டு. அன்று விழுந்த நீர் முழுவதும் பனியாக வந்திருந்தால் ஒரு நாள் சிரமத்தோடு போயிருக்கும். நீர் அளவு அதேதான், விழுந்த வடிவம்தான் ஊரை முடக்கியது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். தாழமுக்கம் டெக்சாஸ் பக்கம் உருவாகி ஒகைய்யோ வழியாக ஏறப்போகிறது. அதன் மையம் ஈரி ஏரிக்குத் தெற்கே சென்றால் நமக்குப் பெரும்பாலும் பனி. டிட்ரோயிட் பக்கம் சென்றால் சூடான காற்று நம்மைத் தாண்டி வடக்கே போய்விடும், மழையோடு முடியும். ஏரியின் மேலாகவே வந்தால் நாம் நடுவில் மாட்டிக்கொள்வோம். ஐரோப்பிய வானிலை மையம் தன் கணினி மாதிரியின் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 51 முறை ஓட்டிப் பார்க்கிறது. அவற்றில் மூன்று வழியும் இன்னும் இருக்கின்றன, நடு வழிக்குச் சாய்வு கூடுதல்.

மாதிரிகள் எங்கே சறுக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலே சூடு அவை சொன்னதைவிட முந்தி வரும், கீழே குளிர் அவை சொன்னதைவிடப் பிந்திப் போகும். உலக அளவிலான மாதிரிகள் பூமியைப் பிரித்துக் கணக்கிடும் கட்டம் பெரியது. சில நூறு மீற்றர் மட்டுமே தடிப்புள்ள தரைக் குளிரை அவை சரியாகப் பிடிப்பதில்லை, விரைவில் கலைத்துவிடுகின்றன. இரண்டு பிழையும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன: பனி குறையும், உறைமழை கூடும். எனவே மாதிரி ‘பனி, பிறகு மழை’ என்று காட்டினால், இடையில் எத்தனை மணி நேர உறைமழையை அது விழுங்கிவிட்டது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று. 850 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தப் படத்தில், அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில், பூச்சியக் கோடு நமக்குத் தெற்கே இருக்கிறது, ஆகவே பனிதான் என்று இப்போதே சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். உயரம் கூடக்கூட அந்த அழுத்த எண் குறையும். சூடான அடுக்கின் உச்சி பல புயல்களில் அதற்கும் மேலே, 800க்கும் 750க்கும் இடையில் இருக்கும். 850 இல் மைனஸ் 1 என்று காட்டும்போதே மேலே பிளஸ் 2 இருக்க முடியும். ஓர் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், தரையிலிருந்து மேகம் வரை முழு நெடுக்கையும் பாருங்கள்.


ஒட்டாவா_நிலா | வியாழன், நண்பகல் 12:30

மழைமானி அண்ணா சொல்லும் காரணங்களை ஏற்கிறேன். ஆனால் இவ்வளவையும் பொதுமக்களிடம் கொட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். 2017 மார்ச்சில் அமெரிக்க வானிலைச் சேவை செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்குக்கு ஓர் அடிக்கும் மேல் பனி என்று சொல்லியிருந்தார்கள். குருணை கலந்து அளவு குறையும் அறிகுறிகள் முந்தைய நாளே தெரிந்தும் எண்ணை மாற்றவில்லை. கடைசி நேரத்தில் குறைத்தால் ஆபத்தே நீங்கிவிட்டது என்று மக்கள் எண்ணிவிடுவார்களே என்ற கவலை அவர்களுக்கு. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 7.6 அங்குலம்தான். ஆனால் சாலைகள் உண்மையிலேயே மோசமாக இருந்தன, உள்நாட்டில் பிங்காம்டன் பக்கம் 30 அங்குலத்துக்கும் மேல் கொட்டியது. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். கூட்டிச் சொல்லிக் காப்பாற்றுவது, குறைத்துச் சொல்லிக் கைவிடுவதைவிட மேல்.


மழைமானி | வியாழன், பிற்பகல் 1:15

இதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, நிலா. தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் வைத்திருப்பது முன்னறிவிப்பு ஆகாது. பனி குறையும், அதற்குக் காரணம் குருணை, ஆகவே சாலை இன்னும் வழுக்கும் என்று மூன்று துண்டாகச் சொல்லியிருந்தால் எந்த நியூயார்க்காரருக்கும் புரிந்திருக்கும். அளவு குறைவதும் ஆபத்து குறைவதும் ஒன்றல்ல என்பதை விளக்கும் வாய்ப்பு அன்று கையில் இருந்தது.

2015 ஜனவரியில் நடந்தது வேறு வகை. 20 முதல் 30 அங்குலம் என்றார்கள், நகரம் சுரங்க ரயிலையே நிறுத்தியது, சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம் விழுந்தது. கனத்த பனிப்பட்டை சற்றுக் கிழக்கே விலகிவிட்டது, லோங் ஐலண்டில் இரண்டு அடி விழுந்தது. அது உண்மையான நிச்சயமின்மை. நியூஜெர்சிப் பகுதிக்குப் பொறுப்பான அலுவலகத்தின் தலைவர் கேரி சட்கோவ்ஸ்கி அன்றிரவே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர்மீது எனக்கு மதிப்புக் கூடத்தான் செய்தது. ஆனால் அந்த வீச்சை, 8 ஆகவும் இருக்கலாம் 25 ஆகவும் இருக்கலாம் என்று, முன்பே மக்கள் முன் வைத்திருந்தால் மன்னிப்புக்கே தேவை வந்திருக்காது.

எண்ணைக் கேட்கும் மக்களுக்கு எண்ணின் அகலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர்களால் அதைத் தாங்க முடியும்.


ஒட்டாவா_நிலா | வியாழன், பிற்பகல் 1:40

அகலத்தைக் கொடுத்தால் எல்லோரும் மேல் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், அண்ணா. ஊடகங்களும் அதைத்தான் தலைப்பாக்குகின்றன. நான் பள்ளி வாகனப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை ஐந்தரைக்குள் பஸ் ஓடுமா ஓடாதா என்று முடிவெடுக்க வேண்டும். எனக்கு ஆம் அல்லது இல்லை மட்டும்தான் வேண்டும்.


மழைமானி | வியாழன், பிற்பகல் 2:05

உங்கள் வேலைக்கு ஆம், இல்லை வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். 30 விழுக்காடு வாய்ப்பு என்றாலே பள்ளி பஸ்ஸை நிறுத்துவது நியாயம். அதே 30 விழுக்காட்டுக்கு ஒரு மருத்துவமனையை மூட முடியுமா? இருவருக்கும் ஒரே ‘ஆம்’ கொடுத்தால் ஒருவர் ஏமாறுவார்.


நெடுஞ்சாலை401 | வியாழன், மாலை 5:50

சாலைக்கு உப்புத் தூவிவிடுவார்கள் என்று நம்பி இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியில் உப்பு நின்று வேலை செய்யும். உறைமழையில் மேலிருந்து வரும் நீர் உப்பை அடித்துக்கொண்டே போகும், வண்டி மறுபடி தூவ வருவதற்குள் புதிய படலம் வந்துவிடும். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பின் வேகமும் குறைந்துவிடும். பாலங்கள்தான் முதலில் உறையும். புறப்படும் முன் மாகாணத்தின் சாலைத் தகவல் சேவையான ஒன்ராறியோ 511 இல் சாலை நிலையைப் பாருங்கள்.


ஸ்காபரோவாசி | வியாழன், இரவு 9:20

எல்லோருக்கும் நன்றி. எனக்குப் புரியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. 20 மி.மீ. உறைமழை என்றால் கம்பியில் 20 மி.மீ. பனிக்கட்டி ஏறிவிடுமா? எங்கள் தெருவில் பெரிய மேப்பிள் மரங்கள் கம்பிகளை உரசிக்கொண்டு நிற்கின்றன.


மழைமானி | வெள்ளி, காலை 7:30

ஏறாது. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், தேவையற்ற இடத்தில் பயப்படுகிறார்கள்.

நீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடுகிறது, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 80 கலோரி. உறைமழை பெய்யப் பெய்யத் தரையருகே காற்று தானாகவே பூச்சியத்தை நோக்கி ஏறும். பக்கத்திலிருந்து புதிய குளிர்காற்று வந்து சேராவிட்டால் சில மணி நேரத்தில் உறைமழை வெறும் மழையாகிவிடும். அதனால்தான் பெரும்பாலான உறைமழைகள் நீடிப்பதில்லை. மொன்றியல்காரி அக்கா சொன்ன பள்ளத்தாக்குக் காற்று அந்த வெப்பத்தை ஓயாமல் அள்ளிக்கொண்டு போகிறது, அங்கே நீடிக்கிறது.

அடுத்தது வேகம். கொட்டும் மழையில் பெரும்பகுதி உறையுமுன்பே வழிந்துவிடும். மெல்லிய தூறலாக, மைனஸ் 3, 4 இல், மணிக்கணக்கில் பெய்வதே கிளைகளைச் சுற்றி நன்றாகப் படியும். கம்பியைச் சுற்றிப் படிவது, தட்டையான பரப்பில் படிவதைவிடத் தடிப்பில் குறைவாகவே இருக்கும். எனவே மி.மீ. மழையை அப்படியே மி.மீ. பனிக்கட்டியாக எண்ண வேண்டாம். ஆனால் கம்பியைச் சுற்றிக் கால் அங்குலம் சேர்ந்தாலே கிளைகள் முறியத் தொடங்கும். அரை அங்குலம் சேர்ந்து காற்றும் அடித்தால் கம்பிகள் அறும். மரம் உரசும் தெருவில் நீங்கள் இருப்பதால், வாகனத்தை இன்றே அந்த மரத்தடியிலிருந்து நகர்த்திவிடுங்கள்.

மின்சாரம் போனால் மின்பிறப்பாக்கியையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் ஏற்றவே கூடாது. 1998 இலும் 2013 இலும் காபன் மொனொக்சைட் நச்சுப் புகையால் உயிர்கள் போயின. குளிரில் பிள்ளைகள் நடுங்கும்போது யாருக்கும் அந்த எண்ணம் வரும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.


தென்காசி_அட்லான்டா | வெள்ளி, பிற்பகல் 3:10

இப்போது புயல் எங்கள் மேற்கே இருக்கிறது. ஒன்று கவனித்தேன் சார்: ராடாரில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு வளையம் பிரகாசமாகத் தெரிகிறது. பலத்த மழை என்று நினைத்தேன், தரையில் அப்படி ஒன்றும் இல்லை.


மழைமானி | வெள்ளி, பிற்பகல் 3:45

அது உருகும் அடுக்கு. உருகத் தொடங்கும் பனித்துகளின் மேல் நீர்ப்பூச்சு படிவதால் அலைகளைப் பலமாகத் திருப்பி அனுப்புகிறது. கிடையாகவும் செங்குத்தாகவும் அலை அனுப்பும் இரட்டை முனைவு ராடாரில், துகள்கள் ஒரே வகையா கலவையா என்பதே தெரியும். அந்தக் கலவை வளையம் ராடார் நிலையத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தால் உருகும் உயரம் கீழே இறங்குகிறது என்று பொருள். விரிந்தால் மேலே சூடு ஏறுகிறது. நாளைக்கு நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.


மழைமானி | வெள்ளி, இரவு 10:40

பஃபலோவில் இன்றிரவு விட்ட வானிலை பலூனின் அளவீடு வந்துவிட்டது. நமக்குப் பக்கத்தில் பலூன் விடும் இடம் அதுதான். இரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மாதிரி சொன்னதைவிட ஏறத்தாழ ஒரு பாகை சூடு. பியர்சன் விமான நிலையத்தில் ஏறி இறங்கும் விமானங்கள் அனுப்பும் வெப்பநிலையும் அதோடு ஒத்துப்போகிறது. கனடாவின் 2.5 கி.மீ. கட்ட மாதிரி தரைக் குளிரை ஞாயிறு விடியும்வரை வைத்திருக்கிறது. நான் அதை நம்புகிறேன்.

என் கணிப்பு இது. சனி காலை பத்து மணியளவில் பனி தொடங்கும். பிற்பகலில் குருணையாக மாறும். மொத்தப் பனி 5 முதல் 10 செ.மீ., 28 இல்லை. மாலை ஆறிலிருந்து உறைமழை. இதற்குமேல் ஊருக்கு ஊர் வேறுபடும், அதைக் காற்றின் திசை முடிவு செய்யும். ஒன்ராறியோ ஏரி உறையவில்லை, நீர் பூச்சியத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கிழக்குக் காற்று ஏரி மேலாக வந்தால் தெற்கு ஸ்காபரோ, பிக்கரிங் கரையோரம் 1 பாகைக்கு ஏறி வெறும் மழையாகும். காற்று வடகிழக்கிலிருந்து நிலத்தின் வழியாக வந்தால் கரையும் தப்பாது. மார்க்கம், வடக்கு பிரம்ப்டன் உறையும் பக்கம்தான். கலிடன், ஒரேஞ்ச்வில் மேட்டு நிலத்துக்குத்தான் எனக்கு அதிகக் கவலை, அங்கே இரவு முழுவதும் உறைமழை நீடிக்கலாம்.

மழை கனத்துப் பெய்தால் ஒரு விலகல் உண்டு. உருகும் பனி சுற்றுக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுவதால் சூடான அடுக்கே பூச்சியத்துக்கு இறங்கி, மறுபடி பனியாகத் திரும்பக்கூடும். அப்படி நடக்க ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புக் கொடுக்கிறேன்.

ஸ்காபரோவாசி, உங்கள் மனைவி மாலை நான்கு மணிக்கு முன் போய்ச் சேர்ந்துவிடட்டும். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புறப்படுவதைப் பத்துக்குத் தள்ளிவைக்க முடிந்தால் நல்லது. 401, கிங்ஸ்டனுக்குக் கிழக்கே சனி இரவு போகாதீர்கள்.


ஸ்காபரோவாசி | வெள்ளி, இரவு 11:05

நாளை மூன்று மணிக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். ஞாயிறு காலை மருத்துவமனையிலேயே ஓய்வறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாகனத்தை மரத்தடியிலிருந்து எடுத்துவிட்டேன், பக்கத்து வீட்டு ஐயாவிடமும் சொல்லிவிட்டேன்.


நெடுஞ்சாலை401 | வெள்ளி, இரவு 11:30

முகவரிடம் பேசிவிட்டேன். அதிகாலை நாலரைக்கே புறப்பட்டு, பனி தொடங்கும் முன் கிங்ஸ்டனைத் தாண்டிவிடுவேன். காலதாமதமானால் கிங்ஸ்டனுக்கு முன்னால் வரும் நப்பனி ஊரில் நிறுத்திக்கொள்வேன். மொன்றியல்காரி அக்கா, உங்கள் பக்கம் காற்று திரும்பினால் இங்கே ஒரு வரி போடுங்கள்.


மொன்றியல்காரி | வெள்ளி, இரவு 11:42

போடுகிறேன் தம்பி. இப்போது வடகிழக்கு, மைனஸ் 9.